கூப்பிடுவார்கள் என்று நடந்தவர்

அபூதாஹிர் மீன் வாங்கக் கிளம்பினால் உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல்கள்கூட ஒரு முழம் தள்ளி நின்று வழிவிடும் என்று சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லுவார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுகிறார்கள். அரை முழம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் உண்மை.

விடிந்தும் விடியாததுமாகச் சந்தையில் போய் நிற்பார். மீன்கார முனீப்பின் பலகையில் கிடக்கும் பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். அதற்கு ஏதோ தீராத வியாதி என்பதுபோல் உதட்டைப் பிதுக்குவார். விலை கேட்பார். முனீப் விலையைச் சொன்னதும் காதில் நண்டு கடித்த மாதிரி ஒரு முகம். பிறகு ஒரு செருமல், அவ்வளவுதான், நடக்கத் தொடங்கிவிடுவார். திரும்பிப் பார்க்கமாட்டார். வித்தையே அதில்தான் இருந்தது. காலையில் முதல் வந்த ஆள் வெறுங்கையோடு போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று சந்தையில் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. ஐஸ் பெட்டிகளைத் தாண்டி, மரக்கறிக் கடைகளைத் தாண்டி, அவர் வாசலை எட்டுவதற்குள் பின்னாலிருந்து, அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு, முனீப்பின் குரல் வந்துவிடும்.

"நானா, வாங்க, கொண்டு போங்க."

உடனே திரும்பினால் மரியாதை என்னாவது. இன்னும் கொஞ்சத் தூரம் செவிடராகவே நடப்பார். இரண்டாம் தரமும் கூப்பிட்ட பிறகுதான் யாருக்கோ உபகாரம் செய்கிறவர்போல் திரும்பி வருவார்.

மீனை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, விலை விழுந்த கதையை அவர் விலாவாரியாகச் சொல்லும்போது மனைவி நஜ்முன் நிஸா வாய் திறக்காமல் செதில் சுரண்டுவார். சைக்கிளில் வருகிற மீன்காரனிடம் அதே மீனைப் பக்கத்து வீட்டார் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லி ஒரு மனுஷனின் காலைச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

இந்தப் பெரிய மனிதர்தான் மாகிரட்டின் கார் விஷயத்தில் தலையைக் கொடுத்தார்.

மாகிரட், அபூதாஹிரின் எண்ணெய்த் தாங்கிக் காலத்துக் கூட்டாளியான அல்பிரட்டின் மனைவி. வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு நடத்தி நகரத்தில் பாதிப் பேருக்கு வெட்டவும் தைக்கவும் பழக்கியவர். ஈச்சிலம்பற்றில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்க அல்பிரட்டின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போய், பள்ளத்துக்குப் பள்ளம் ஒவ்வொரு எலும்பாகக் கழன்று, திரும்பி வந்து கட்டிலில் வைத்து அவற்றைப் பொருத்திப் பூட்டிக்கொள்கிறவர். ஒரு மழைக்காலத்தில் அப்படி வந்து இறங்கியவர், இனித் தன் பிரேதம்கூட அந்த ஸ்கூட்டரில் ஏறாது என்று சொல்லிவிட்டுச் சாரதிப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தார். ஊர் சிரித்தது. ஊரைவிடக் கூடச் சிரித்தவர் அல்பிரட். மாகிரட் கார் ஓட்டப் பழகிய நாட்களில் கடற்கரை வீதியில் மேய்கிற மான்களெல்லாம் கோட்டைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டன என்று அவர் சொல்லித் திரிந்தார். மான்கள் மறுபடி வெளியே வருவதற்குள் மாகிரட் லைசென்ஸை எடுத்துவிட்டார்.

பிறகு காரைத் தேடினார். கன வருஷமாக வெளிநாட்டு வாகனம் வராமல் கிடந்து, மறுபடி கப்பல்கள் இறக்கத் தொடங்கியிருந்த காலம். உட்துறைமுக வீதியில் புதிதாகத் திறந்த கார்க்கடையில் ஒரு சின்னச் சிவப்புக் கார் நின்றது. பழைய விலையில் வந்ததில் மிச்சம் அது ஒன்றுதான். அடுத்த கப்பலுக்கு டொலரும் வேறு, வரியும் வேறு. முற்பணத்துக்கு மாகிரட்டிடம் சீட்டுக்காசு இருந்தது. மீதிக்கு லீசிங், கொம்பனி போட்ட காசை மாதாமாதம் வட்டியோடு கட்டித் தீர்க்கிற கடன். அதற்காக நகரத்தில் ஒரு கொம்பனி விடாமல் ஏறி இறங்கினார். மாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கட்டி முடிக்கிற நாளில் என் கையால் மொத்தம் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சில இடங்களில் தேநீர் கொடுத்தார்கள், சில இடங்களில் கலண்டர் கொடுத்தார்கள். ஒரே ஒரு கொம்பனிதான் பதிலைக் கொடுத்தது. அந்தப் பதிலைக் கொண்டுபோய் மற்றவர்களிடம் காட்டி, அவர்கள் குறைத்ததைக் கொண்டுவந்து இவர்களிடம் காட்டி, வேண்டாத காப்புறுதிகளையும் கழற்றிப் போட்டு, துணியில் ஒரு நூல் வீணாகாமல் வெட்டுகிற மாதிரி வெட்டி எடுத்திருந்தார். கார்க்கடையிலும் பேசி விலையில் ஒரு பங்கு குறைத்துவிட்டார். போய்க் கையெழுத்து வைக்கவேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் அல்பிரட்டுக்கு அந்த யோசனை வந்தது. அபூ நானாவைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் உடைப்பார் என்றார். மாகிரட்டுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில், லீசிங் பக்கம் மட்டும் வாய் வைக்கக்கூடாது என்ற கட்டளையோடு சம்மதித்தார். அது அபூதாஹிருக்குப் பெரிய காரியமே இல்லை. வட்டிக் கதை நடக்கிற இடத்தில் அவர் நிற்கவேமாட்டார். அது மார்க்கத்துக்கு ஆகாது என்று, யாராவது வட்டி என்று வாய் திறந்தாலே எழும்பி வெளியே போய்விடுவார்.

கடைக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் அபூதாஹிர் இரண்டு பேரையும் கதிரையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். கடை திறக்கும்போது முதல் ஆளாக நாங்கள் நிற்கவேண்டும். காரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. நான் செருமிவிட்டு எழும்பினால் நீங்களும் எழும்பவேண்டும். எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக்கூடாது.

மறுநாள் கடையைத் துடைக்கிற பெண் வருவதற்கு முன்பே மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அபூதாஹிரின் கையில் அவருடைய நீளக் கறுப்புக் குடை. வானத்தில் பஞ்சளவு மேகம்கூடக் கிடையாது, என்றாலும் கையில் குடை இருந்தால் பேரம் பேசுகிறவருக்கு ஒரு கனம் வரும் என்பது அவருடைய எண்ணம்.

விற்பனைக்குப் பொறுப்பானவள் சுஹைரா என்ற கிண்ணியா ஊர்ப் பிள்ளை. நல்ல மரியாதையான பிள்ளை. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். கடைக்குள் இருந்த குளிருக்குப் பாரை மீனைப் போட்டிருந்தால் ஒரு மாதம் கெடாமல் இருந்திருக்கும். பக்கத்து மேசையில் லீசிங்காரர் காத்திருக்க, அவள் லீசிங் கடதாசிகளை எடுத்து வட்டி வீதம் என்று தொடங்கியதுதான் தாமதம், அபூதாஹிர் எழும்பிப்போய்க் காரின் டயர்களைத் தட்டத் தொடங்கிவிட்டார். அந்த நேரத்தில்தான் சுஹைரா முக்கியமான இரண்டு விஷயங்களைச் சொன்னாள். கொம்பனி சம்மதித்தது இந்தக் காருக்கு, இந்த விலைக்கு, இன்றைக்கு மட்டும். அதோடு, இந்தக் காரைப் பார்க்க வேறொருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டும் அபூதாஹிரின் காதில் விழவில்லை. அவர் நாலாவது டயரில் இருந்தார்.

திரும்பி வந்தவர் வேலையைத் தொடங்கினார். சிவப்பு நிறம் உப்புக் காற்றுக்கு ஆகாது என்றார். ஹோர்ன் சத்தத்துக்குக் கன்றுக்குட்டிகூடத் திரும்பாது என்றார். கால்விரிப்பு கேட்டார், ஆசன உறை கேட்டார், தாங்கி நிறையப் பெற்றோல் கேட்டார், எல்லாம் கேட்டு முடித்த பிறகு விலையில் கால்வாசியைக் குறைக்கச் சொன்னார். கால்விரிப்பு தருவதாகச் சுஹைரா சொன்னாள். விலை மாகிரட் அன்ரிக்காக ஏற்கெனவே குறைத்துவிட்டது, இனி ஏலாது என்றாள்.

அபூதாஹிர் காதில் நண்டு கடித்த முகத்தைப் போட்டார். செருமினார். எழும்பி நடந்தார்.

அல்பிரட் பாய்ந்து எழும்பி மாகிரட்டின் கையைப் பிடித்தார். மாகிரட்டின் கண் காரில் நின்றது, கால் தரையில் ஒட்டியிருந்தது. கூட்டிக்கொண்டு வந்த மனுஷனை நடுக்கடையில் தனியே நடக்கவிட்டால் அது மரியாதையில்லை என்ற ஒரு நினைப்புத்தான் அவரை எழுப்பியது. மூன்று பேரும் வரிசையாக வெளியே வந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவரும் கூப்பிடவுமில்லை.

எதிரே தேநீர்க் கடை. அங்கே நிற்போம், நாங்கள்தான் முதல் ஆட்கள், எப்படியும் வருவார்கள் என்றார் அபூதாஹிர். கடையில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோக்காரர், பழைய கூட்டாளிகள் என்று வாங்குப் பலகை நிறைய ஆட்கள். அவர்களுக்கு முனீப்பின் கதையில் தொடங்கி, கார்க்கடைக்காரர் இந்நேரம் உள்ளே எப்படி நகம் கடித்துக்கொண்டிருப்பார்கள் என்பது வரை நடித்துக் காட்டினார். அல்பிரட் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். மாகிரட் தேநீரைத் தொடவில்லை. கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. சுஹைரா வீதியைக் குறுக்கறுத்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"பாருங்க," என்றார் அபூதாஹிர் கடை முழுவதற்கும். "வாறா."

அவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பையைப் பார்த்துப் பேசினார்.

"சொல்லுங்க மகள். மொதல்ல சொன்ன வெல வேணாம். புது வெல சொல்லுங்க."

"வெல இல்ல அங்கிள்," என்றாள் சுஹைரா மூச்சு வாங்க. "குடை. மறந்துட்டுப் போயிட்டீங்க."

நீளக் கறுப்புக் குடையை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினாள். நல்ல பிள்ளை என்று சொன்னேனே. கொடுத்துவிட்டு அதே ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போய்விட்டாள்.

தேநீர்க் கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார், ஒருவர் கடலைப் பார்த்தார், தேநீர் ஆற்றுகிறவர் ஆற்றிய தேநீரையே மறுபடி ஆற்றினார். அபூதாஹிரின் காதில் அந்த நேரம் ஏறிய சூட்டைக் கன்னியாவுக்குக் கொண்டுபோயிருந்தால் வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பொங்கி வீதிக்கு வந்திருக்கும். கையில் குடை இரும்புத் தூணாகக் கனத்தது. அதைக் கதிரையில் சாத்தினார், விழுந்தது. எடுத்து மடியில் வைத்தார். அதை இடுப்பளவு ஆழத்தில் கடலுக்குள் நட்டுவிட்டு, தானும் பக்கத்தில் நின்றுவிடலாமா என்று இருந்தது.

"நானா," என்றார் மாகிரட். குரல் உயரவில்லை. "குடை திரும்பி வந்திட்டுது. என்ர கார் எப்ப வரும்?"

அபூதாஹிர் மடியில் இருந்த குடையின் பட்டியை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

மாகிரட் அப்போதுதான் சொன்னார். லீசிங்காரர் சம்மதித்தது அந்தக் காருக்கும் அந்த நாளுக்கும் மட்டும்தான் என்றார். அது தவறினால் புது விலை, புது வட்டி, அதற்குத் தன் சீட்டுக்காசு காணாது என்றார். இவ்வளவையும் சுஹைரா சொல்லும்போது நீங்கள் டயர் தட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதுதான் அபூதாஹிரின் நெஞ்சில் போய்க் குத்தியது. அல்பிரட் வேறெங்கோ பார்த்தார். இடுப்பெலும்பு கழலக் கழல ஸ்கூட்டரின் பின்னால் இருந்து வந்த மனுஷி, ஊரே சிரிக்க ஸ்டியரிங் பிடித்துப் பழகின மனுஷி. அவருடைய காரைத் தன் செருமல் ஒன்றினால் தள்ளி விழுத்திவிட்டேனே என்று அபூதாஹிர் தன்னையே திட்டிக்கொண்டார்.

வீதிக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்குள்ளே சிவப்புக் காரின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ ஏறி உட்கார்ந்திருந்தார்.

அபூதாஹிர் எழும்பினார். இந்தத் தடவை செருமவில்லை. வீதி அவ்வளவு அகலமாக இருந்ததை அவர் அதற்கு முன் கண்டதில்லை. மூதூருக்குப் படகில் போகிற தூரம் இருந்தது அது. தேநீர்க் கடையின் அத்தனை கண்களும் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்க, அவற்றையும் சுமந்துகொண்டு கடந்தார். பின்னால் மாகிரட்டும் அல்பிரட்டும் வந்தார்கள்.

காருக்குள் இருந்தவர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அத்தர் வாசம் கடை முழுவதும் நிறைந்திருந்தது. அபூதாஹிரைக் கண்டதும் மரியாதையாக இறங்கி நின்று ஸலாம் சொன்னார். குரலைக் கேட்டபிறகுதான் ஆள் விளங்கியது. மீனும் கத்தியும் ஈரச் சாரமும் இல்லாத முனீப்பை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

ஓடி ஒளிய ஒரு இடம் இருந்திருந்தால் ஒளிந்திருப்பார். கடை முழுவதும் கண்ணாடி.

"நானா, நீங்க வேணாமெண்டு எழும்பிப் போன காராமே இது," என்றார் முனீப். "இந்தப் புள்ள சொன்னா. முற்பணம் குடுக்கத்தான் நிண்டனான்."

"வேணாமெண்டு போகல்ல முனீப்." அபூதாஹிர் குடையின் பிடியைப் பார்த்துப் பேசினார். "கூப்பிடுவாங்கண்டு நடந்தனான்."

"கூப்பிடல்லயா?"

"குடையைத்தான் தந்தாங்க."

முனீப்பின் மீசை ஒருதரம் துடித்து அடங்கியது. அபூதாஹிர் மிச்சத்தையும் சொன்னார். கார் தனக்கல்ல, தங்கச்சி மாகிரட்டுக்கு என்றார். எல்லாம் அவரே பேசி முடித்து வைத்திருந்ததை நான் வந்து குழப்பிவிட்டேன் என்றார். கடைசியில், முன்னொருநாளும் அவர் வாயில் வராத ஒரு வசனம் வந்தது.

"சொன்ன வெலைக்கே எடுக்கிறம். விட்டுத் தாங்க."

முனீப் காரின் கூரையை ஒருதரம் தடவினார். பிறகு அபூதாஹிரின் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்து, மற்ற எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். சந்தையில் கூவிப் பழகிய தொண்டை அதைவிட இறங்காது.

"ஒரு கத சொல்றன், கோவிக்கக் கூடாது. காலையில நீங்க வாசல்ல வாறதக் கண்டவுடனே நான் வெலயக் கூட்டி வெச்சிருவன். நீங்க எழும்பிப் போவீங்க, நான் கூப்பிட்டுக் கொறைப்பன். கொறைச்சு முடிய, ஊருக்கெல்லாம் விக்கிற வெலதான் வரும். மொதல் ஆள் நீங்க. கூப்பிட்டாலும் வராமப் போயிட்டா என்ட நாள் என்னாகிற?"

எத்தனை வருஷத்துப் பாரை, எத்தனை வருஷத்து விளைமீன், எல்லாம் செவுளைத் திறந்து தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் அபூதாஹிருக்கு இருந்தது. நஜ்முன் நிஸா வாய் திறக்காமல் செதில் சுரண்டுவது ஞாபகம் வந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

"கோவமா நானா?"

"இல்ல," என்றார். உண்மையாகவே கோபம் இல்லை. கோபத்துக்கு இடம் இருந்தால்தானே. வெட்கம் உச்சந்தலை வரைக்கும் நிரம்பியிருந்தது.

முனீப் சாவியைச் சுஹைராவிடம் நீட்டப் போனவர், இடையில் கையை நிறுத்தினார். தான் அன்றொருநாள் இங்கே வந்தது மீன் ஏற்றுகிற ஒரு சின்ன லொறி பார்க்கத்தான், அப்போது இந்தச் சிவப்பைக் கண்டு மனம் மாறியது, விட்டுத்தருவதில் நட்டம் ஒன்றுமில்லை என்றார். ஆனால் சந்தையில் பலகை விரிக்காமல் வந்த இன்றைக்குத் தன் கைக்கு வந்த முதல் வியாபாரம் இது. அதைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் லொறி வியாபாரமும் சரிவராது என்று மனம் சொல்லுகிறதாம்.

"நீங்க வாசலுக்கு நடங்க நானா. நான் கூப்பிடுறன். அப்பதான் முறையா இருக்கும்."

அபூதாஹிர் மாகிரட்டைப் பார்த்தார். மாகிரட் சிரிக்கவில்லை, போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருடைய ஒரு கை காரின் கதவில் இருந்தது.

அபூதாஹிர் நடந்தார். சுஹைரா பார்க்க, துடைக்கிற பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க, லீசிங்காரர் பேனையை மூடிவிட்டுப் பார்க்க, எதிர்ப்பக்கம் தேநீர்க் கடை முழுவதும் எழும்பி நின்று பார்க்க, குடையை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பளிங்குத் தரையில் செருப்புச் சத்தம் கோயில் மேளம்போல் கேட்டது. கதவு தானாகத் திறந்தது. வெயில் முகத்தில் அடித்தது. ஒரு காலை வெளியே வைத்தார். கூப்பிடவில்லை. மற்றக் காலையும் வைத்தார். இன்னும் கூப்பிடவில்லை. பகிடி பண்ணிச் சிரிக்கத்தான் அனுப்பினானா, கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கிறானா, மாகிரட் என்ன செய்கிறார் என்று நினைப்பு ஓடியது.

அபூதாஹிர், வாழ்நாளில் முதற்தடவையாக, திரும்பிப் பார்த்தார்.

முனீப் காரில் சாய்ந்தபடி, கையைக் கட்டிக்கொண்டு, அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நின்றார்.

"நானா," என்றார் சந்தைக்குரலில். கடையின் கண்ணாடியெல்லாம் ஒருதரம் அதிர்ந்தது. "வாங்க, கொண்டு போங்க."

இரண்டாம் தரம் கூப்பிடும்வரை அவர் காத்திருக்கவில்லை.

மாகிரட் கையெழுத்து வைக்கும்போது, லீசிங்காரர் வட்டி என்று வாய் திறந்தபோது, அபூதாஹிர் வழக்கம்போல் எழும்பப் பார்த்தார். பிறகு மாகிரட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, காதைப் பொத்தாமல், கண்ணை மட்டும் மூடிக்கொண்டு அங்கேயே இருந்தார். முனீப் லொறி பார்க்கப் பின்முற்றத்துக்குப் போய்விட்டார்.

சில நாள் கழித்துக் கார் கைக்கு வந்த அன்று மாகிரட் ஓட்டினார். பக்கத்தில் அல்பிரட், தன் ஆசனத்தின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. பின்னால் அபூதாஹிர், முழங்கால்களுக்கு நடுவே குடை. காலுக்குக் கீழே அவர் பேசி வாங்கிக் கொடுத்த கால்விரிப்பு. அதன்மேல் கால் வைக்கக் கூசி, பாதங்களை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். கார் துறைமுக வீதியில் ஒரு சுருக்கமும் விழாமல் இஸ்திரி போட்டதுபோல் போனது. தேநீர்க் கடையைத் தாண்டும்போது அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது.

"எப்படியும் நானா நடந்துதானே வாங்கித் தந்தவர்," என்றார் அல்பிரட், ஆறுதலாக.

அந்த ஆறுதலுக்கு அபூதாஹிரின் காது மறுபடி சுட்டது. மாகிரட் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"நானா, நாளைக்கு மீனுக்குப் போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. காரிலயே போவம்."

"ஏன் தங்கச்சி?"

"நீங்கள் எழும்பி நடவுங்கோ," என்றார் மாகிரட், வளைவில் அழகாகத் திருப்பிக்கொண்டே. "நான் அங்க நிண்டு வாங்கிறன்."